உப்பளத்தைக் காட்டச் சாய்ந்த விமானம்

என் சித்தப்பா முதன்முதலாக விமானம் ஏறிய அன்றுதான் நான் ஓட்டிய விமானம் தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. இரண்டும் ஒரே நாளில் நடந்தது தற்செயல். இதை எங்கள் ஊரான மரக்காணத்தில் ஒருவரும் நம்பவில்லை. சென்னையில் என் கம்பெனியும் கொஞ்ச நாள் நம்பவில்லை.

நான் ஒரு சின்ன விமானத்தின் கேப்டன். இரண்டு பக்கமும் விசிறி சுழலும், உள்ளூர் ஊர்களுக்குப் போய்வரும் வகை. பெரிய விமானத்தில் போய்ப் பழகியவர்கள் இதன் படியில் கால் வைக்கும்போதே முகத்தைச் சுளிப்பார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் அந்தக் குறை இருந்ததில்லை. அப்பா இறந்த பிறகு எங்கள் உப்பளத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். பாத்தியில் நின்றபடி வானத்தில் போகிற எந்த விமானத்தையும் காட்டி, "எங்க பாப்பா போவுது பாரு" என்பார். அது சிங்கப்பூரிலிருந்து வருகிற நாலு இன்ஜின் விமானமாக இருந்தாலும் சரி.

ஆனால் ஏற மட்டும் மாட்டார். "பஸ்ல போனா நடுவுல இறங்கி டீ குடிக்கலாம். அதுல முடியுமா?" என்று கேட்பார். தூத்துக்குடியில் உப்பு வாருவதற்குப் புது மெஷின் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அதைப் பார்க்கப் போனவர், திரும்பும்போது முதுகு வலி தாங்காமல் எனக்குப் போன் செய்தார். மறுநாள் காலை தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு என் விமானம்தான். டிக்கெட் போட்டேன்.

"கோட்டக்குப்பத்துல வீட்டுக்கு ஒருத்தன் துபாய்க்குப் பறக்கறான். பைலட்டையே வீட்ல வெச்சுக்கிட்டு நான் பஸ்ல தொங்கறேன். ஊர்ல கேக்கறாங்க பாப்பா" என்றார், ஏதோ இத்தனை நாள் நான்தான் அவரை ஏற்றாமல் வைத்திருந்தது போல.

பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோது நான் காக்பிட் வாசலில் நின்றிருந்தேன். சித்தப்பா வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். ஏறியதும் பின்னால் நிற்கிற ஆட்களைப் பற்றிக் கவலைப்படாமல் கேட்டார்.

"பாப்பா, நம்ம அளம் எந்தப் பக்கம் தெரியும்?"

"வலது பக்கம் சித்தப்பா. ஜன்னல் சீட்டுதான் போட்டிருக்கேன். தூரமாத்தான் தெரியும், தேடிப் பாருங்க."

"கிட்ட தெரியாதா?"

"நம்ம ரூட் திண்டிவனம் பக்கமா போவுது."

"கொஞ்சம் இப்படி வளைஞ்சு போனா இன்னா?" என்றார்.

நான் சிரித்தேன். அவருக்குப் பின்னால் லேப்டாப் பையோடு நின்ற ஒருவர் சிரிக்கவில்லை. இதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்டோ பைலட் என்றால் என்ன என்று மரக்காணத்தில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். சொன்ன உயரத்தில், சொன்ன திசையில் விமானத்தைப் பிடித்துக்கொண்டு போகிற கருவி. கிளப்புவதும் இறக்குவதும் எங்கள் கை வேலை. நடுவில் அது ஓட்டும். அது ஒழுங்காக ஓட்டுகிறதா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். அன்றும் அப்படித்தான். புதுச்சேரியைத் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. வெயில் காலத்துக் காலை, கடல் பக்கம் மட்டும் லேசான புகைமூட்டம். என் துணை விமானி வடக்கிலிருந்து வந்த இளைஞர். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, காரச் சட்னிப் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடக் கூடாது என்பதால் என் இட்லி காத்திருந்தது.

கிளியனூர் பக்கம் வந்து, கீழே இறங்கத் தொடங்கிய நேரம். என் முன்னாலிருந்த கண்ட்ரோல் சக்கரம் வலது பக்கம் திரும்பியது. ஆட்டோ பைலட் ஓட்டும்போது சக்கரம் தானாக அசைவது சகஜம். கொஞ்சம் திரும்பும், நிற்கும். இது நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருத்தர் நிதானமாகத் திருப்புகிற மாதிரி திரும்பிக்கொண்டே போனது. கண்ணாடிக்கு வெளியே அடிவானம் சரிந்தது. நேராகச் சென்னைக்குப் போக வேண்டிய விமானம் கடலைப் பார்த்துத் திரும்பியது.

"நீ ஏதாவது அழுத்தினியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இல்ல மேடம்" என்றார் அவர், வாயில் சட்னிப் பாக்கெட்டோடு.

சக்கரத்தை இறுக்கிப் பிடித்து, அதிலிருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். ஆட்டோ பைலட்டைத் துண்டிக்கிற பட்டன் அது. மணி அலறியது. "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்றேன். அதுவரை அந்தக் கருவி பிடித்து வைத்திருந்த முறுக்கு முழுவதும் ஒரே அடியில் என் கைக்கு வந்து சேர்ந்தது. விமானம் ஒரு குலுக்கு குலுக்கியது. சட்னி வெடித்தது. வலது பக்கம் இழுக்கிற சக்கரத்தை இடது பக்கம் தள்ளிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. விமானத்தின் மூக்கும் தாழப் பார்த்தது. அதையும் தூக்கிப் பிடித்தபடி, முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டைவிரல் ஸ்விட்சால் தளர்த்தினேன். சிறகுகள் மட்டத்துக்கு வந்தன.

அதற்குள் ரேடியோவில் சென்னை கண்ட்ரோல், நாங்கள் எங்கே போகிறோம் என்று மரியாதையாக விசாரித்தது.

"ஆட்டோ பைலட் கோளாறு. இப்போ கையால் ஓட்டுகிறோம். சென்னைக்குத் திரும்புகிறோம்" என்று துணை விமானி சொன்னார். குரல் நடுங்கவில்லை. வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து வயிறுவரை சட்னி வழிந்திருந்தது. பிறகு கோளாறுப் பட்டியலை எடுத்து வரி வரியாக வாசித்தார். நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். கடைசி வரி, ஆட்டோ பைலட்டை மறுபடி போடாதே என்றது. போடுகிற ஆசை எனக்கும் இல்லை.

பயணிகளுக்கு அறிவிப்புச் செய்தேன். இந்த மாதிரி நேரத்தில் எங்களுக்கு என்று ஒரு தனி மொழி உண்டு. வால் கழன்று விழுந்தாலும் அதில் 'சிறிய தொழில்நுட்பக் காரணம்' என்றுதான் சொல்ல முடியும். அதையே தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன்.

சென்னை வரை கையால் ஓட்டி, கையால் இறக்கினேன். நன்றாகவே இறங்கியது. யாரும் கை தட்டவில்லை. சீட் பெல்ட் விளக்கு அணையும் முன்பே பாதிப் பேர் எழுந்து பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மட்டும் கடைசியாக வந்தார். முகம் திருவிழாவுக்குப் போய்வந்த முகம். என் தலையில் கை வைத்தார்.

"நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன் பாப்பா. நீ நெஜமாவே சாய்ச்சுக் காட்டிட்டியே!"

"என்ன சித்தப்பா?"

"நம்ம அளம். பாத்தி பாத்தியா தெரிஞ்சுது. நம்ம மோட்டார் கொட்டா கூட."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் துணை விமானியின் சட்டையைப் பார்த்துவிட்டார். "ஐயோ, இந்தத் தம்பிக்கு இன்னா ஆச்சு?" என்றார். அது சட்னி என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

உள்ளே நடந்ததைப் பணிப்பெண் சொன்னாள். விமானம் சாய்ந்ததும் எல்லாரும் சாமி பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது சித்தப்பா மட்டும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு செல்போனில் வீடியோ எடுத்தாராம். பக்கத்தில் அழுத ஒரு அம்மாவிடம், "பயப்படாதீங்க. கேப்டன் எங்க அண்ணன் பொண்ணுதான். எனக்கு எங்க உப்பளத்தைக் காட்டறதுக்காகத் திருப்புது. இதோ, முடிஞ்சதும் நேராக்கிடும்" என்று ஆறுதல் சொன்னாராம். சொன்ன உடனே விமானம் நேரானதால் மொத்தப் பயணிகளும் அதை நம்பிவிட்டார்கள்.

மாலைக்குள் கம்பெனிக்குப் புகார் போய்விட்டது. எழுதியவர் அந்த லேப்டாப் பைக்காரர். விமானி தன் உறவினருக்குச் சொந்த நிலத்தைக் காட்டுவதற்காகப் பயணிகளின் உயிரோடு விளையாடினார் என்பது புகாரின் சாரம். சாட்சிக்குச் சித்தப்பாவின் வீடியோவையே இணைத்திருந்தார். சித்தப்பா அதை அவருக்கே அனுப்பிவைத்திருக்கிறார், கேட்ட எல்லாருக்கும் அனுப்பியது போல. வீடியோவில் வெள்ளைச் சதுரங்களாக உப்பளம் சரிந்து ஏறி வருகிறது. பின்னணியில் அவர் குரல்: "இதோ நம்ம பாத்தி! சாய்ச்சுக் காட்றா பாரு எங்க பாப்பா! இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்!"

விசாரணை அறையில் ஒரு மூத்த கேப்டனும் பணியாளர் பிரிவு அம்மா ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கேப்டனுக்கு எல்லாக் கேள்விகளையும் மெதுவாகக் கேட்கிற பழக்கம்.

"விமானத்தில் உங்கள் உறவினர் இருந்தாரா?"

"இருந்தார் சார்."

"அவரை வலது பக்கம் உட்காரச் சொன்னீர்களா?"

"ஆமாம் சார்."

"வலது பக்கம் என்ன தெரியும்?"

"கடல்."

"கடலுக்கு முன்னால்?"

"உப்பளம்."

"யாருடைய உப்பளம்?"

"நிறைய பேருடையது சார்."

"அந்த நிறைய பேரில் உங்கள் குடும்பம் உண்டா?"

"உண்டு."

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுதிக்கொண்டார்.

"சார், சக்கரம் தானாகத் திரும்பியது. துணை விமானியைக் கேளுங்கள்."

"கேட்டோம். அவர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். என்ஜினியர்கள் விமானத்தைச் சோதித்துவிட்டார்கள். ஆட்டோ பைலட்டில் எந்தக் குறையும் இல்லை."

மீனம்பாக்கத்தில் தரையில் நிறுத்திவைத்து, எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அந்தக் கருவி நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதாம். பறக்கும்போது என்ன நடந்தது என்பதைப் பதிவுசெய்கிற பெட்டியைப் படித்துப் பார்க்க வேண்டும், அதற்குக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை நீங்கள் பறக்க வேண்டாம் என்றார்கள். நான் ஊருக்குப் போனேன்.

மரக்காணத்தில் பஸ் ஸ்டாண்டிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதில் என் போட்டோ. பக்கத்தில் நான் வாழ்க்கையில் உட்கார்ந்தே இராத பெரிய ஜெட் விமானம். கீழே 'வானத்தைச் சாய்த்து மண்ணைக் காட்டிய வீரமங்கையே வருக' என்று இருந்தது. விமானத்தைச் சாய்த்ததற்கே எனக்கு வேலை போகிற நிலைமை. இவர்கள் வானத்தையே சாய்த்துவிட்டார்கள்.

வீட்டில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முதல் கேள்வியே, "அந்தப் பையனுக்கு ரத்தம் நின்னுச்சா?" என்பதுதான். சட்னி என்றேன். "உங்க சித்தப்பா, தலையில அடிபட்டும் விடாம ஓட்டினான்னு சொன்னாரே" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை அப்படியே சொன்னேன். அம்மா அரிவாள்மனையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நெஜமா தானாத் திரும்புச்சா?"

"நெஜமாம்மா."

"நீ ஒண்ணும் பண்ணல?"

"நான் பண்ணியிருந்தா ஏம்மா அதை இழுத்துப் பிடிக்கணும்?"

அம்மா மீனைக் கழுவிக்கொண்டே, "இத பாரு, நீதான் சாய்ச்சேன்னே இருக்கட்டும். மெஷின் தானா திரும்பும்னு தெரிஞ்சா நீ வேலைக்குக் கிளம்பற அன்னிக்கெல்லாம் எனக்குத் தூக்கமே வராது. நீ கொழுப்பெடுத்துப் பண்ணேன்னா திட்டிட்டுத் தூங்கிடுவேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுத்தவள், குடிக்காமல் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அம்மா பார்த்தாள். சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். "சாப்பிட்டு படு" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் பாராட்டுக் கூட்டம். உப்பளக்காரர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்தது. மேடையில் எங்கள் பங்குச் சாமியார், சித்தப்பா, நான். ஒரு பொன்னாடை முடிவதற்குள் அடுத்த பொன்னாடை. பேசியவர்கள் எல்லாரும் விமானம் பற்றி ஒரு வரியும் உப்பு விலை பற்றிப் பத்து வரியும் பேசினார்கள். எங்கள் அளத்துக்குத் தெற்கே அளம் வைத்திருக்கிற ஒருவர், "ஏம்மா, வீடியோவுல உங்க பாத்தியோட நின்னுடுச்சு. அடுத்த வாட்டி இன்னும் ரெண்டு பாத்தி தள்ளித் திருப்புனா நம்மளுதும் வந்துடும்" என்று மைக்கிலேயே கோரிக்கை வைத்தார். கை தட்டினார்கள்.

இதற்குமேல் தாங்காது என்று மைக்கை வாங்கினேன்.

"எல்லாருக்கும் நன்றி. ஆனா நான் விமானத்தைச் சாய்க்கல. அது ஒரு கோளாறு. அதுவா திரும்பிச்சு. நான் பிடிச்சு நேராக்கினேன். அவ்வளவுதான் நடந்தது. அன்னிக்கு மரக்காணம் மேல வந்தது தற்செயல். யாருக்கும் எதையும் காட்டறதுக்கு விமானத்தைத் திருப்பக் கூடாது. நானும் திருப்பமாட்டேன்."

முன்வரிசையில் ஒருவர் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார். பங்குச் சாமியார் தன் கைக்குட்டையைக் கவனமாக மடித்தார். கல்யாண வீட்டில் வந்து சாவுச் செய்தி சொன்னவளைப் பார்ப்பது போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சித்தப்பா எழுந்து மைக்கை என் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? இதான் எங்க அண்ணன் பொண்ணு. எவ்ளோ பெரிய காரியம் பண்ணிட்டு, நான் ஒண்ணுமே பண்ணலன்னு சொல்லுது. இந்த அடக்கம் இந்தக் காலத்துல யாருக்கு வரும்?"

அன்று கேட்ட கை தட்டல்களில் அதுதான் பெரியது. பங்குச் சாமியாரும் தாழ்ச்சியைப் பற்றிச் சின்னதாக ஒரு பிரசங்கம் செய்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேர் தங்கள் பெண்களை பைலட் படிக்க வைப்பது பற்றி விசாரித்தார்கள். ஒருவர், ஆட்டோ பைலட் என்றால் முதலில் ஆட்டோ ஓட்டிப் பழக வேண்டுமா என்று கேட்டார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை.

ஊரில் உண்மையைச் சொன்னால் அடக்கம். கம்பெனியில் அதே உண்மையைச் சொன்னால் பொய். இரண்டுக்கும் நடுவில் தினமும் காலையில் எழுந்து போனைப் பார்ப்பேன். எதுவும் வந்திருக்காது. பிறகு ஒரு மத்தியானம் பணியாளர் பிரிவு அம்மா கூப்பிட்டார். குரலில் புதிதாக ஒரு பாசம்.

"கேப்டன், எப்படி இருக்கீங்க? எப்போ வர்றீங்க?"

நடந்தது இதுதான். குறையே இல்லை என்று சான்று கொடுத்த அந்த விமானத்தை மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள். என்னை விசாரித்த அதே மூத்த கேப்டன் அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ராஜமுந்திரி பக்கம் உயரத்தில் போகும்போது சக்கரம் நிதானமாக வலது பக்கம் திரும்பியிருக்கிறது. அவருக்கு அங்கே உப்பளம் கிடையாது. விமானத்தில் சித்தப்பாவும் கிடையாது. பட்டனை அழுத்தி, இழுத்துப் பிடித்து, நேராக்கிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். இறங்கியவுடன், நான் ஓட்டிய அன்றைய பதிவுப் பெட்டியை உடனே படிக்கச் சொன்னது அவர்தானாம். அதில் எல்லாம் நான் சொன்னபடியே இருந்திருக்கிறது. மேலே குளிர் ஏறும்போது மட்டும் சிக்கிக்கொள்கிற ஒரு சின்ன மோட்டார்தான் சக்கரத்தைத் திருப்பியிருக்கிறது. மீனம்பாக்கத்து வெயிலில் அதற்கு எந்த நோயும் இல்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று அந்த மூத்த கேப்டன் என்னைக் காரிடாரில் நிறுத்தினார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"சக்கரம் ரொம்ப கனம், இல்லையா?" என்றார்.

"ஆமாம் சார்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. விமானிகளின் உறவினர் பயணம் செய்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். எந்தப் பக்கம் உட்காருவது என்று அவர்களுக்கு விமானிகள் யோசனை சொல்லக் கூடாது. மோட்டாரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"சித்தப்பா, முடிவாயிடுச்சு. மெஷின்தான் கெட்டிருக்கு. என் மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க."

"அப்ப நீ திருப்பல?"

"அன்னிலேர்ந்து அதத்தான சொல்றேன்."

"எனக்காக இல்ல?"

"இல்ல சித்தப்பா."

போனில் உப்பு வாருகிற பலகை உரசுவது மட்டும் கேட்டது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஊரில் அத்தனை பேர் முன்னால் சொன்னதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"அப்ப அது நெஜமாவே விழப் பாத்துச்சா?"

"விழல. நான் பிடிச்சிட்டேன்."

"நான் சிரிச்சுக்கிட்டு இருந்தனே பாப்பா. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சொல்லிக்கிட்டு இருந்தனே."

"அதனால என்ன? உங்க பக்கத்து சீட்டு அம்மா அழுகைய நிறுத்தினாங்க இல்ல."

"நீ உள்ள தனியா புடிச்சு இழுத்துக்கிட்டு இருந்திருக்க" என்றார். பிறகு, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் அந்தக் கதையைச் சொல்வதில்லை என்று அம்மா சொன்னாள். யாராவது கேட்டால், "அது மெஷின் கோளாறுப்பா, பாப்பாவ கேளு" என்று நகர்ந்துவிடுகிறாராம். ஊர் விடவில்லை. அவர் இல்லாமலேயே கதை நன்றாக ஓடுகிறது. கடைசியாகக் கேட்டதில் விமானம் உப்பளத்தை இரண்டு சுற்று சுற்றியது.

நான் மறுபடி ஓட்டிய முதல் விமானம் மைசூருக்கு. கிளப்பி, மேகத்தைத் தாண்டி, உயரம் ஏறிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு புதுத் துணை விமானி, என்னைப் பற்றி ஏதோ கேள்விப்பட்டிருக்கிற பெண். வழக்கமாக ஆட்டோ பைலட் போடுகிற இடம் வந்தது, போனது.

"மேடம், ஆட்டோ பைலட் போடட்டுமா?"

"இருக்கட்டும்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டாள். மறுபடியும் இருக்கட்டும் என்றேன். மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை. மலைத்தொடர் தெரிகிறவரை கையில் வைத்திருந்துவிட்டு, நானே ஆட்டோ பைலட் பட்டனை அழுத்தினேன். சக்கரம் லேசாக அசைந்து நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மைசூர் வருகிறவரை இரண்டு பேரும் சாப்பிடவில்லை.